அண்ணனுக்கு ஒரு மாசம் லீவு வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் அண்ணன் பக்கத்திலேயே இருப்பான், அதனால்தான் கடிதம்.

அப்பா நன்றாகத்தான் சாப்பிடுகிறார். ஆனால் சாப்பிட்டது பத்து மணிக்கு நினைவில்லை. கல்யாணத்துக்கு முந்தி வாங்கிய மாட்டின் சுழி வரைக்கும் சொல்கிறார். மறதி நோயில் புதுசு தங்காது, பழசுதான் கொஞ்ச காலம் நிற்கும், பொழுது சாய்ந்தால் படபடப்பு கூடும் என்றார் டாக்டர். அப்படியேதான். விளக்கு வைக்கிற நேரத்தில் "மேட்டூர் திறந்தாச்சா? மடையைப் பார்க்கணும்" என்று கிளம்பிவிடுவார். ஊருக்கு அணை திறக்கிற நாள் ஜூன் 12 என்றால் அவருக்குத் தினமும் ஜூன் 12. அண்ணன் மறுத்துப் பேசமாட்டான். குடமுருட்டி ஆற்றங்கரை வரை கூடவே நடந்து, வேறு பேச்சுக் கொடுத்துத் திருப்பிக் கூட்டி வருவான்.

குளிப்பாட்டுவதும் கால் கழுவி விடுவதும் அவன்தான். மருமகளைக் கிட்டே விடமாட்டார்; என் முழங்கால் சங்கதி உனக்கே தெரியும். (அண்ணி படும் பாட்டுக்குத் தனிக் கடிதம் வேண்டும்.) போன வாரம் அடிபம்படியில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தான். அப்பா திரும்பிப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை? கூலி வாங்கிட்டியா?" என்றார். "வாங்கிட்டேங்கய்யா" என்று சொல்லி அடுத்த சொம்புத் தண்ணீரை ஊற்றினான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

"பெத்தா இப்படிப் பெக்கணும்" என்கிறது ஊர். அந்தப் பேச்சுதான் அவன் வாயைக் கட்டிவிட்டது. இத்தனை பேரெடுத்தவன் முடியவில்லை என்று யாரிடம் சொல்வான்? ஒருநாள் அப்பாவை அதட்டிவிட்டான். அப்புறம் கொல்லையில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான். 14416-க்குப் போன் போட்டால் மனக்கஷ்டத்தைக் கேட்பார்கள், காசு கிடையாது என்று நர்ஸம்மா சொன்னார். அவனிடம் சொன்னால், "எனக்கென்ன பைத்தியமாம்மா?" என்கிறான்.

நீ மாசாமாசம் பணம் அனுப்புகிறாய், குறையே சொல்லவில்லை. ஆனால் ராத்திரி வாசல் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு எழுந்து ஓட ஆள்தான் வேண்டும். தை அறுப்பு முடிந்ததும் ஒரு மாசம் வா. அப்பா உன்னையும் யாரென்று கேட்பார், மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வா. அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளோடு எங்கேயாவது போய் வரட்டும்.

அண்ணனிடம் முன்கூட்டிக் கேட்காதே, வேண்டாம் என்பான். டிக்கெட் போட்டுவிட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா