மெல்லிய கோடும் உன் கவிதைகளும்

அன்புள்ள சங்கரி,

இங்கே அனைவரும் நலம். வாசுவுக்கு வேலை கிடைத்துவிட்டது. உன் தம்பியிடம் சொல், நிம்மதியாகத் தூங்கட்டும். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு நேரில் திட்டிக்கொள்ளலாம். இப்போது அவசரம் வேறு: நீ அனுப்பிய உன் கவிதை நூலின் மெய்ப்பு, அதாவது சரிபார்க்கும் பிரதி, அச்சுக்குப் போவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும்.

அட்டைக்கு நீ தேர்ந்தெடுத்திருக்கும் மெல்லிய கையெழுத்து எழுத்துரு அழகாக இருக்கிறது. 'ழ'வின் கீழ்ச்சுழி பேனாவை அழுத்தாமல் இழுத்ததுபோல் நீண்டு ஓய்கிறது. சுற்றிலும் நீ விட்டிருக்கும் வெற்றிடம் அதைத் தாங்குகிறது. அதில் கை வைக்காதே. ஆனால் அதே எழுத்துருவை உள்ளே எல்லாக் கவிதைகளுக்கும், அதுவும் 10 பாயிண்ட் அளவில், வைத்திருக்கிறாயே, அதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

நான்காம் பக்கத்தை எடுத்துப் பார். புள்ளிகள் பாதிக்கு மேல் காணவில்லை. 'கல்' என்று நீ எழுதியது 'கல' என்று நிற்கிறது. கோமதி டீச்சர் இருந்திருந்தால் சிவப்பு மை தீர்ந்திருக்கும். கோடே மயிரிழையாக இருக்கும் எழுத்துருவில் புள்ளியும் அதற்கேற்பச் சிறுத்துவிடுகிறது. சிறிய அளவில் அச்சிடும்போது முதலில் மறைவது அதுதான். ஏழாம் பக்கத்தில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்திருக்கிறாய். அங்கே சுற்றியுள்ள மை சற்றே பரவினாலும் போதும், மெல்லிய கோடுகள் அடைபட்டுப் போகும்.

இவ்வகை எழுத்துருக்கள் பெரிய அளவுக்கும் குறைந்த சொற்களுக்கும் உரியவை. தலைப்பு, கையொப்பம், அழைப்பிதழில் ஒரு பெயர், பொருளின் மேல் ஒட்டும் சின்னம் ஆகியவற்றில் அவை ஒரு மனிதரின் கை பட்ட நெருக்கத்தைத் தருகின்றன. பக்கம் பக்கமாக வரும்போது அந்த நெருக்கம் குலைகிறது. ஏனெனில் மனிதர் கையில் இரண்டு 'க' ஒன்றுபோல் அமைவதில்லை, எழுத்துருவிலோ அத்தனையும் அச்சு அசலாக ஒன்றாகவே வருகின்றன. எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் சாஃப் 1998இல் வெளியிட்ட சாஃபினோ என்ற கையெழுத்து எழுத்துருவில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் வரைந்து வைத்ததை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான்.

பின்னட்டையின் ஆங்கிலத் தலைப்பையும் கவனி. அங்கே எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டியிருக்கிறாய். அதனால் ஒன்றையொன்று தொட வேண்டிய இணைப்புக் கோடுகள் நடுவில் அறுந்து நிற்கின்றன. ஈய அச்சுக் காலத்தில் சாய்ந்த எழுத்துகளை இப்படித் தடையின்றி இணைப்பது பெரும்பாடு. எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் 1960களில் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற கையெழுத்து எழுத்துருவை வரைந்தபோது, ஈயத்துக்குப் பதில் ஒளியால் எழுத்துகளைப் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு அந்தத் தடையை நீக்கியது. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த கோடுகளை நீ பிரிக்கலாமா? இடைவெளியைப் பழையபடி வைத்துவிடு. அந்தத் தலைப்பு முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேப்பிடல்) அமைத்திருப்பதையும் மாற்று. எழுத்துகளின் கொடிபோன்ற நீட்சிகள் பின்னிக்கொண்டு எதுவும் படிக்க வரவில்லை.

கவிதைகளுக்குச் சாதாரணமான, சற்றுத் தடித்த, தொடர்ந்து படிப்பதற்கான எழுத்துரு ஒன்றைப் போடு. கவிதைத் தலைப்புகள் மட்டும் இந்தக் கையெழுத்தில், 24 பாயிண்டுக்குக் குறையாமல், வெள்ளைத் தாளில் கருநிற மையில் வரட்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதே; நூலின் அதே அளவில், அதே தாளில் ஒரு பக்கம் அச்செடுத்துக் கைநீளத்தில் பிடித்துப் படி. உன் அம்மாவிடமும் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல். அந்தப் பக்கத்தை எனக்கும் அனுப்பு, புள்ளிகளை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாலதி