குட்டி நீர்மூழ்கி ஓடட்டும், முங்க வேண்டாம்

பழைய குட்டி நீர்மூழ்கிகளுக்கு உயிர் கொடுக்கத் துடிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். "அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவோம்" என்பவர்களும், "ஒரு தடவையாவது முங்கி எழாவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய்" என்பவர்களும் மல்லுக்கு நிற்பதை நெடுநாளாகப் பார்க்கிறேன். ஆசை எனக்கும் இரண்டாம் கட்சியோடுதான். ஆனாலும் ஆளை உள்ளே வைத்து முங்க விட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

1944 டிசம்பரில் ஜெர்மனியின் பீபர் வகைக் குட்டி நீர்மூழ்கி ஒன்று, 90ஆம் எண், இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே ஒற்றை ஓட்டி இறந்து கிடந்தார். பெட்ரோல் இன்ஜினின் கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்தக் கலம் அப்போது புத்தம் புதியது! நம் கையில் இருப்பதோ எண்பது வருடத் துரு.

தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்தாயிற்று, போதும் என்கிறார்கள் சிலர். போதாது. 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 20 டன் அழுத்தும். அதைத் தாங்குவதில் தடிமனுக்கு எவ்வளவு பங்கோ, கலத்தின் உருளை உடல் வட்டம் மாறாமல் இருப்பதற்கும் அவ்வளவு பங்கு உண்டு. கிரேனில் இறக்கும்போது விழுந்த ஒரு சொட்டை போதும், தகடு உள்வாங்க. அது கசிந்து எச்சரிக்காது, ஒரே நொடியில் மடங்கும். அரித்த குழிகளை நிரப்பி, பெயின்ட் அடித்துவிட்டால் அழகாகத்தான் இருக்கும். வலு திரும்பாது.

தரையில் நிற்கும்போதும் ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் மூடிக் கிடந்த கூட்டுக்குள் துருவே ஆக்சிஜனைத் தின்றிருக்கும். காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜனை அளந்து, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் தலையை நுழைக்க வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அதற்குள் உப்புத் தண்ணீர் போனால் குளோரின். அப்புறம் இருட்டில் ஒளிரும் டயல்கள். ரேடியம் பூச்சாக இருக்கலாம், சுரண்டிப் பளபளப்பாக்க வேண்டாம்.

அதற்காகக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் காஸ்போர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த 105ஆம் எண் பீபரை 2003இல் மறுபடி இயங்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்களே, எனக்கு அது போதும். இன்ஜின் உறுமட்டும், புரொப்பெல்லர் சுற்றட்டும், சுக்கான் திரும்பட்டும். முங்கியே ஆக வேண்டுமென்றால் ஆளில்லாமல், கேமராவை உள்ளே வைத்து, கிரேன் கயிற்றில் கட்டி இறக்குங்கள்.

அடுத்த விவாதத்துக்கு முன்னால், உங்கள் கலத்தின் தடிமன் அளவுகளையும், வட்டம் குலையவில்லை என்று காட்ட உருளையின் ஒவ்வொரு வளையத்தின் விட்டத்தையும் எல்லோரும் பார்க்கும்படி முன்வையுங்கள். அதன் பிறகும் முங்கலாம் என்பவர் யார் என்று பார்ப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்