நர்ஸ் வீட்டுக்கு வர்றதே லேட்டுதான்

ஆசிரியருக்கு வணக்கம்ங்க.

கர்ப்பிணிங்களுக்கு ஊட்டச்சத்து பெட்டகம் குடுக்குற போட்டோ உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, பாக்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே பொண்ணுங்க உடம்ப கவனிக்கணும்னு ரொம்ப வருஷமா மனசுல கெடக்குறத எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் திருப்பூர் பக்கம் கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ.

எங்க வேலை எப்ப ஆரம்பிக்கும்னா, நாள் தள்ளிப்போச்சுன்னு பொண்ணு வந்து பதிவு பண்ணி பிக்மி நம்பர் (அரசாங்கம் கர்ப்பிணிங்களுக்கு குடுக்குற பதிவு எண்) வாங்குன பிறகுதான். அதுக்குள்ள ரெண்டு மாசம் ஓடியிருக்கும். ஆனா குழந்தையோட மூளையும் முதுகுத்தண்டும் உருவாகுற நரம்புக்குழாய் கரு தரிச்ச 28 நாள்லயே மூடிடும், அப்ப தான் முழுகாம இருக்கோம்னே நெறைய பேருக்கு தெரியாது. அந்த குழாய் சரியா மூடாம முதுகுல கட்டியோட பொறந்த ஒரு குழந்தைய இன்னும் மறக்க முடியல. அந்த அம்மாவுக்கு பதிவு பண்ண அன்னிக்கே போலிக் ஆசிட் மாத்திரை (அந்த குழாய் சரியா மூட ஒதவுற வைட்டமின்) குடுத்து ரெஜிஸ்டர்ல டிக் போட்டது நான்தான். நான் செய்ய வேண்டியத செஞ்சுட்டேன், ஆனா அந்த மாத்திரை அவ கைக்கு போனதே லேட்டு.

இது புது கண்டுபிடிப்பு இல்லைங்க. ஏற்கனவே இப்படி குறையோட குழந்தை உண்டான தாய்மார்களுக்கு, அடுத்த கரு தரிக்கறதுக்கு முன்னாடியே போலிக் ஆசிட் குடுத்ததுல 72 சதவீதம் தடுக்க முடிஞ்சதுன்னு பிரிட்டன்ல 1991லயே காட்டிட்டாங்க. ருபெல்லா (வயித்துல இருக்குற குழந்தைய பாதிக்கிற ஒரு வகை அம்மை) ஊசியும் அப்படித்தான், முன்னாடியே போட்டுக்கணும், கர்ப்பமான பிறகு போடவே கூடாது. வலிப்பு மாத்திரைல சிலது கருவுக்கு ஆகாது, அதையும் டாக்டர்கிட்ட கேட்டு முன்னாடியே மாத்திக்கணும் (யாரும் தானா நிறுத்திடாதீங்க).

ரத்த சோகை கதை இன்னும் மோசம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல நம்ம தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தம் கம்மி. ஸ்கூல்ல படிக்கறப்ப வாராவாரம் நீல கலர் இரும்புச்சத்து மாத்திரை குடுக்கறாங்க, படிப்ப முடிச்சு பனியன் கம்பெனிக்கு போயிட்டா அதோட சரி. 2018ல வந்த ரத்த சோகை ஒழிப்பு திட்டத்துல 20 வயசுக்கு மேல கர்ப்பமா இல்லாதவங்களுக்கும் வாரம் ஒரு சிவப்பு மாத்திரைன்னு இருக்கு, ஆனா எங்க பக்கம் அது கைக்கு வந்து நான் பாத்தது ரொம்ப கம்மி. எப்படி வரும்? கம்பெனி வேன் விடியறதுக்குள்ள வந்து அள்ளிட்டு போயிடுது, நர்ஸ் வீதிக்கு வர்றப்ப வீட்ல வயசானவங்கதான் இருப்பாங்க. கல்யாணம் ஆகி மூணு மாசத்துல ஊரே விசேஷம் உண்டான்னு கேக்குது, அவ உடம்புல ரத்தம் எவ்வளவுன்னு கேக்க ஒருத்தரும் இல்ல.

அதனால சுகாதாரத்துறை மட்டும் தனியா இத செய்ய முடியாதுங்க. கம்பெனிக்காரங்க மாசத்துல ஒரு நாள் அரை மணி நேரம் விட்டாலே போதும், நர்ஸ் உள்ள போய் ரத்தம் சுகர் பிபி பாத்துடலாம், கல்யாணம் ஆனதுங்களுக்கு மாத்திரையும் குடுத்துடலாம். வேலைக்கு போகாதவங்கள மகளிர் குழு கூட்டத்துலயே புடிச்சிடலாம். புருஷங்களையும் கூப்பிட்டு உக்கார வைக்கணும், குடி சிகரெட் பத்தி அவங்ககிட்டயும் பேசணும்ல.

இதுக்கெல்லாம் அரசாங்க ஆர்டர் வேணும், ஆர்டர் வரணும்னா அரசியல்வாதிங்க மனசு வைக்கணும். அவங்க வைக்க மாட்டாங்கன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். கர்ப்பிணிங்களுக்கு அரசாங்கம் குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987ல வெறும் 300 ரூபாயா ஆரம்பிச்சது. 2006ல ஒரு கட்சி 6,000 ஆக்குச்சு, 2011ல அடுத்த கட்சி 12,000 ஆக்குச்சு, இப்ப 18,000. யாரு வந்தாலும் அத குறைக்கல, ஏன்னா அது ஓட்டு போடுற வீட்டுக்கு நேரா போய் சேருது. கர்ப்பத்துக்கு முந்தின ஆறு மாசத்தையும் அதே மாதிரி ஒரு திட்டமாக்கி பேரு வச்சு பணம் ஒதுக்குங்கன்னுதான் கேக்குறேன், அந்த பேருல யாரு போட்டோ போட்டுக்கிட்டாலும் சரி.

வர்ற கிராம சபைல இதையே தீர்மானமா குடுக்கணும்னு எங்க ஊரு மகளிர் குழு மனு எழுதி வச்சிருக்கு, எம்எல்ஏவுக்கும் ஒரு காப்பி போகுது. உங்க பேப்பர்ல இது வந்துச்சுன்னா பக்கத்து ஊரு குழுக்காரங்களும் ஆளுக்கு ஒண்ணு எழுதுவாங்க, தயவு செஞ்சு போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார நர்ஸ்,
திருப்பூர் மாவட்டம்