புனித யோசேவாஸ் பக்தசபை: 2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அன்பான அங்கத்தவர்களே,

நம் பாதுகாவலரான யோசேவாஸ் அடிகளாரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். அதற்குப் பத்து ஆண்டுகள் நிறையும் இந்த மாதத்தில் அறிக்கை வாசிக்கக் கிடைத்ததைப் பெரும் பேறாக நினைக்கிறேன். அன்று மட்டக்களப்பிலிருந்து இரவோடிரவாக பஸ்ஸில் போய், திடலில் செபமாலை சொல்லியபடி விடியலுக்குக் காத்திருந்த சிலர் இன்றும் முன்வரிசையில் இருக்கிறீர்கள்.

மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. நவம்பர் கூட்டத்தை வெள்ளம் தடுத்துவிட்டது. ஜனவரி 16 திருநாளுக்குக் கொடியேற்றமும் நவநாளும் வழமைபோல நடந்தன; மழை விடாததால் சொரூபப் பவனியைக் கோயில் வளவுக்குள்ளேயே முடித்துக்கொண்டோம். வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது பெப்ரவரிக் கூட்டத்தில் தொடங்கியது. அன்று ஓர் இளம் தாய் எழுந்து, “யோசேவாஸ் அடிகளார் எதற்காக இங்கே வந்தார் என்று என் மகன் கேட்கிறான். நான் என்ன சொல்வது?” என்றார். ஆண்டுதோறும் அவரைத் தோளில் சுமக்கிற எங்களால் நாலு வசனத்துக்கு மேல் சொல்ல முடியவில்லை. எனக்கு நெஞ்சு சுட்டது. அடுத்த மாதத்திலிருந்து செபமாலைக்குப் பின் அரை மணி நேரம் அவருடைய வாழ்வைச் சிறிது சிறிதாக வாசித்தோம்.

1651 இல் கோவாவின் பெனாலிமில் பிறந்தவர். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கையில் கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதே மரண தண்டனைக்குரிய குற்றம். அதை அறிந்தும் 1687 இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். இறங்கியதுமே வயிற்றோட்டத்தால் வீழ்ந்தார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டபடி வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய கண் கலங்குகிறதோ அந்த வீட்டில் விசுவாசம் உயிரோடிருக்கிறது என்று தெரிந்துகொண்டார். இந்தப் பகுதியை வாசித்த அன்று நம் மூத்த அங்கத்தவர் ஒருவர் தம் கழுத்திலிருந்த செபமாலையைக் கையில் எடுத்து, நூல் நைந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்தும் அவர் எழும்பவில்லை.

பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தை உணர்த்தப் புளியந்தீவுக் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. மதிலைத் தொட்டுப் பார்த்த சிறுவன் ஒருவன், “இவர்களுக்குப் பயப்படாமலா வந்தார்?” என்று கேட்டான். பயந்திருப்பார், ஆனாலும் வந்தார் என்று மறையாசிரியர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது.

எங்களை மாற்றியது அவருடைய வாழ்வின் கண்டிப் பகுதி. 1692 இல் அங்கே போனவரைப் போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகித்துச் சிறையிலிட்டார்கள். சில ஆண்டுகளில், 1697 இல், அதே நகரத்தை அம்மை நோய் பிடித்தது. வீட்டாரே நோயாளிகளை விட்டு ஓடினார்கள். அடிகளாரும் அவருடைய உறவினரான கார்வலோ அடிகளாரும் குடிசைகள் போட்டு, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். யார் எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. இதை வாசித்து முடித்ததும் ஒருவர், “நம் ஊரில் படுக்கையில் கிடப்பவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்டார். அன்றே எழுதியதில் பதினொரு பெயர்கள் வந்தன. அவர்களில் நால்வர் இந்துக்கள்.

ஜூன் மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் இருவர் இருவராகப் போகிறோம். கஞ்சி கொண்டு போவது, தலை வாரிவிடுவது, படுக்கை விரிப்பை மாற்றுவது, கேட்டால் செபிப்பது. திருநாள் மின்விளக்குகளுக்கு ஒதுக்கிய பணத்தில் படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை ஒன்று வாங்கினோம். இதற்குச் சபையில் எதிர்ப்பு இருந்தது. திருநாள் களையிழந்துவிடும் என்றார்கள். அவர்களுடைய பக்தியை மதிக்கிறேன். ஆனாலும் அந்தத் தீர்மானம் சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். முதலில் அந்த மெத்தையில் படுத்தவர் ஓர் இந்துப் பாட்டி. சுவரில் பிள்ளையார் படத்தருகே நாங்கள் கொடுத்த அடிகளாரின் படத்தையும் ஒட்டச் சொல்லியிருக்கிறார். போகும்போதெல்லாம், “உங்கள் சாமியார் கும்பிடத் தக்கவர், பிள்ளை” என்பார்.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். நவம்பர் இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறு வீடுகள் முடித்து, மழையைச் சாட்டிக்கொண்டு திரும்பிவிட்டோம். ஏழாவது வீட்டு ஐயா மறுநாள் இறந்துபோனார். வாசல் வரை யாராவது வந்தார்களா என்று அன்று மாலை இருமுறை கேட்டாராம். அன்று திரும்பலாம் என்று சொன்னவன் நான்தான். அவருடைய குடும்பத்தாரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், சபையிடமும் கேட்கிறேன்.

வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரைப் பக்கம் இருந்து இப்போது மூன்று குடும்பங்கள் வரச் சொல்லியிருக்கின்றன. நடந்து போகும் தூரமல்ல. மோட்டார் சைக்கிள் உள்ள இரண்டு பேராவது வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைக் கொடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கோயில் வாசலில் புறப்படுவோம்.

செயலாளர்