குழந்தையின் கல்லீரல் கட்டியை எங்களுக்கு அனுப்பும்போது

குழந்தைகள் அறுவை சிகிச்சை, ரேடியாலஜி மருத்துவர்களுக்கும் தியேட்டர் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

பயாப்சி ஊசியில் வரும் துண்டு சேமியா இழை அளவுதான். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கொடுப்பதா, வேறு மருந்தா என்பது அதை வைத்துத்தான் முடிவாகிறது. நோயியல் ஆய்வகத்தில் எங்கள் மேசைக்கு வருமுன்பே அது கெட்டுப்போனால் எந்தச் சாயம் போட்டும் மீட்க முடியாது.

முதலில் ரிக்வெஸ்ட் படிவம். 'கல்லீரல் கட்டி' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள், கூடவே ஏ.எஃப்.பி. (சில கல்லீரல் கட்டிகளில் உயரும் ரத்தப் புரதம்) அளவையும். பிறந்த குழந்தைக்கு ஏ.எஃப்.பி. இயல்பாகவே ஒரு மி.லி.க்குப் பல்லாயிரக்கணக்கான நானோகிராம் இருக்கும். பெரியவர்கள் அளவுக்கு இறங்க ஏறக்குறைய ஒரு வயதாகும். வயது தெரியாமல் அந்த எண்ணை வைத்து நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது மிக உயர்ந்திருந்தால் ஹெப்பட்டோபிளாஸ்டோமா (சிறு குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய்) என்ற எண்ணம் முதலில் வரும். 100-க்குக் கீழே இருந்து, ஸ்லைடிலும் சிறு செல்களே தெரிந்தால், ஐ.என்.ஐ.1 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போடாமல் அறிக்கை எழுதக் கூடாது. அந்தச் சாயம் கட்டி செல்களின் உட்கருவில் ஏறவில்லை என்றால் அது ராப்டாய்டு எனும் வீரியமான புற்றுக்கட்டியாக இருக்கலாம். அதற்கு மருந்துத் திட்டமே வேறு.

கீமோ தொடங்கியாயிற்றா, எத்தனை சுற்று முடிந்தது என்பதும் வேண்டும். கீமோவுக்குப் பிறகு கட்டியின் முகமே மாறிவிடும்: செல்கள் இறந்த நசிவு, நார்த்திசு, எலும்பு போன்ற ஆஸ்டியாய்டு. முழுக்க ஃபீட்டல் செல்களால் (கருக்குழந்தையின் கல்லீரல் செல்களைப் போன்றவை) ஆன, செல்பிரிதல் குறைந்த வகையை, கீமோ கொடுக்குமுன் முழுதாக வெட்டியெடுத்த கட்டியில்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அப்படி உறுதியானால் அந்தக் குழந்தைக்குக் கீமோவே தேவைப்படாமல் போகலாம். இதைவிடப் பெரிய காரணம் வேறென்ன வேண்டும்?

ஊசித் துண்டு ஒன்று போதாது. ஃபீட்டல், அதைவிட இளம் கருநிலைச் செல்களான எம்பிரியோனல், ஆஸ்டியாய்டு எல்லாம் ஒரே கட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். 16 அல்லது 18 கேஜ் ஊசியில், பாதுகாப்பாக முடிந்தால் ஐந்தாறு துண்டுகள் எடுங்கள். உலர்ந்த காஸ் துணி மீது வைக்காதீர்கள்: ஈரத்தைத் துணி உறிஞ்சிக்கொள்ளும், துண்டு நூலில் ஒட்டிக்கொள்ளும், பிடுங்கி எடுக்கும்போது ஓரத்துச் செல்கள் நசுங்கிக் கறுத்த தீற்றலாகத்தான் ஸ்லைடில் தெரியும். மரபணுச் சோதனைக்கு உறைய வைக்க வேண்டிய துண்டை, திசு அழுகாமல் காக்கும் திரவமான ஃபார்மலினில் போடுமுன் பிரித்துவிடுங்கள்.

ஃபார்மலின் 10% பஃபர் செய்ததாக (அமிலத்தன்மை ஏறாமல் காக்கும் உப்புகள் சேர்த்ததாக) இருக்கட்டும். ஒரு லிட்டருக்குக் கடைச்சரக்கு ஃபார்மலின் 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பஃபர் இல்லாவிட்டால் அமிலம் சேர்ந்து டி.என்.ஏ. சிதையும். துண்டின் கன அளவைப்போல் பத்து மடங்காவது திரவம் வேண்டும்.

வெட்டியெடுத்த கல்லீரல் மடலை ஃபார்மலின் நிரப்பிய குறுகிய வாய் பாட்டிலில் திணிக்க வேண்டாம். ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் உள்ளே இறங்கும். அதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து உடனே அனுப்புங்கள். பனிக்கட்டி திசுவில் நேராகப் படக் கூடாது. நீங்களே கீறிப் பார்க்கவும் வேண்டாம்: விளிம்புக்கு நாங்கள் மை தடவிய பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டி விளிம்பைத் தொட்டதா என்று சொல்லவே முடியாது.

பெயர்ச்சீட்டை டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தைகளின் கட்டிகளைப் பார்க்கும் நோயியல் மருத்துவர்கள்