எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் வந்த மளிகைப் பைக்கு நன்றி

பங்குத்தந்தை அவர்களுக்கும், வின்சென்ட் தே பவுல் சபையின் அண்ணன்மார் அக்காமாருக்கும், பிடி அரிசி எடுத்து வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் வணக்கம்.

அப்பாவுக்குக் காசநோய் மருந்து முடிந்துவிட்டது. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. இதை வெளியே சொல்லி எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதும்மா, இனிமே மறைக்க என்ன இருக்கு" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்த ஊரில் விசேஷம் என்றாலும், மாஸ்டர் கூப்பிட்டால் முதல் நாள் ராத்திரியே போய் அடுப்பு மூட்டுவார். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு டி.பி. என்று ஒரு வார்த்தை வெளியே போனால் என்ன ஆகும் என்பது சமையல்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால், சாதாரண டி.பி.யாக இருந்தால், சில வாரங்களிலேயே அடுத்தவருக்குப் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். ஊர் அதையெல்லாம் கேட்காது. குணமான பிறகும் "அந்தக் கை தொட்ட சோறா?" என்று ஒருவர் கேட்டால் போதும், அவ்வளவுதான்.

மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் மூன்று மருந்து. எல்லாம் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. முன்பு 500 ஆக இருந்ததை 2024 நவம்பரில் உயர்த்தினார்கள். அந்தப் பணத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்ட வீட்டில், பாட்டியும் தம்பியும் சேர்ந்து ஐந்து பேர். அம்மா தன் தட்டைக் குறைத்து அப்பாவுக்கு வைப்பார். அப்பா அதைப் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்துவிடுவார். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் மாத்திரை போட்டால் குமட்டல். மருந்தை நிறுத்திவிடுவாரோ என்பதுதான் எங்கள் பெரிய பயம்.

அப்போதுதான் சுகாதாரத் துறை அக்கா, "சர்ச்ல இருந்து சில பேர் உதவுறாங்க, உங்க வீட்டைச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். எங்கள் சம்மதம் இல்லாமல் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதற்கே அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அண்ணா, அக்கா, நீங்கள் இரண்டு பேரும் முதலில் வந்த சாயங்காலம் அம்மா கேட்டது "போட்டோ எடுக்கணுமா?" என்றுதான். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, சாதாரண மளிகைப் பையோடு சொந்தக்காரர்கள் போலத்தான் கடைசி வரை வந்தீர்கள். எதிர்வீட்டு ஆச்சி கேட்டபோது அம்மா "தெரிஞ்சவுக" என்று மட்டும் சொன்னார். அது பொய்யும் இல்லை.

அப்புறம் உங்கள் சபையைப் பற்றிப் படித்தேன். 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கியது என்றும், வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அதன் முதல் வேலை என்றும் தெரிந்துகொண்டேன். கூட்டம் முடியும்போது ஒரு பை சுற்றி வருமாம். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாதாம். கொடுப்பவர்களே தங்கள் பெயரை மறைத்துக்கொள்கிற இடத்தில், வாங்குகிறவர் பெயர் மட்டும் எப்படி வெளியே வரும்?

அரிசி வந்த வழியும் எனக்குப் பிடித்தது. சர்ச்சுக்குப் போகிற வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுவருகிறார்கள். அதில் கூலி வேலைக்குப் போகிற வீடுகளும் நிறைய உண்டு என்று அக்கா சொன்னார்கள். அந்த வீடுகளை நினைத்துத்தான் இந்த மடலை எழுதவே உட்கார்ந்தேன். உங்களில் யாருக்கும் எங்களைத் தெரியாது.

பையில் அரிசி, பருப்பு, பொட்டுக்கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். முட்டைக்குத் தனியாகக் கடையில் சொல்லி வைத்திருந்தார்கள். அதில் வீட்டில் இருக்கும் மற்றவர்களின் பங்கும் இருந்ததுதான் முக்கியம். நோயாளிக்கு மட்டும் கொடுத்திருந்தால் அப்பா சாப்பிட்டிருக்கவே மாட்டார். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்த குடும்பங்களில், புதிதாக நோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்ததாம். எங்களுக்கும் பரிசோதனை செய்து தடுப்பு மருந்து தந்தார்கள். பாட்டி, தம்பி உட்பட யாருக்கும் நோய் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மதம் மாறச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று சொந்தத்தில் ஒருவர் அம்மாவைப் பயமுறுத்தினார். நீங்கள் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்கிய ஒரு நாள் அம்மாவேதான் "எங்களுக்காகவும் வேண்டிக்குங்க" என்றார். நின்றபடியே கண்ணை மூடி இரண்டு நிமிடம் வேண்டினீர்கள். அப்போது எங்கள் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா சின்ன வயதில் ஓரியூரில் இருக்கும் கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தர் கோவிலுக்குப் போனவர். 1693இல் அவர் உயிர் விட்ட அந்தச் செம்மண்ணுக்கு நம் பக்கத்து ஜனம் மதம் பார்த்தா போகிறது?

தேவகோட்டை தே பிரித்தோ பள்ளியையும் திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரியையும் நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரிய காரியங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளியே சொல்ல முடியாத நோயோடு உள்ளே இருக்கிற ஒரு குடும்பத்துக்கு, கதவைத் தட்டி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து பேசுகிற ஆட்கள்தான் முதலில் தேவை. ஒரு சபை ஊருக்குச் செய்கிற வேலைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

முட்டைக்குக் கணக்கு வைத்த மளிகைக் கடை அண்ணனுக்கும், அப்பாவின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆளைப் போடாமல் காத்திருந்த மாஸ்டருக்கும், அம்மா வேலை பார்க்கிற வீட்டு ஆச்சிக்கும் நன்றி. ஆச்சிக்கு விஷயம் தெரிந்திருந்தும் அம்மாவை நிறுத்தவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுங்கள். விவரம் கேட்க 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது. பை இப்போது வேறு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எந்த வீடு என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த மாதப் பையில் பொட்டுக்கடலை மாவு எங்கள் வீட்டுப் பொறுப்பு. அப்பாவே வறுத்து அரைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு சமையல்காரரின் மகள்,
காரைக்குடி வட்டாரம்