உப்புச் சுரங்கத்தில் அப்பாவுக்குத் தோள் கொடுத்த தம்பிக்கு

வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் அப்பாவை போலந்தின் விலீச்கா உப்புச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனேன், 1996இல் வணிக உற்பத்தி நின்றுபோய் இப்போது சுற்றுலாத் தலம். எடுத்ததுமே சுமார் 380 மரப்படி இறங்கணும், பாதியில் அப்பாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது, நான் பதறிப்போனேன். "ஐயா, நான் திருத்துறைப்பூண்டிங்க, தோள்ல கைய வைங்க" என்று முன்னால் வந்து நின்றீர்கள், கடைசிப் படிவரை ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினீர்கள். 101 மீட்டர் ஆழத்தில், உப்புப் பாறையைக் குடைந்த கிங்கா தேவாலயத்தில், நாற்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரி வெடித்துப்போன விரலால் அப்பா சுவரைத் தடவி நாக்கில் வைத்து "நம்ம உப்புதான்டா" என்றார், கண் கலங்கியிருந்தது. மேலே வர லிஃப்ட், அந்த வரிசையில் உங்களைத் தவறவிட்டுவிட்டேன், பேர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி தம்பி. ஊருக்கு வந்தால் அவசியம் வீட்டுக்கு வாங்க, அப்பா தினமும் உங்களைக் கேட்கிறார்.